முப்பது நாள் சட்டம்

அத்தியாயம் 17

போன வாரம் படித்துவிட்டு மூன்று பேர் சொல்லிவைத்த மாதிரி ஒரே கடிதம் போட்டிருக்கிறார்கள். அந்தப் பார்சலை வீட்டை விட்டுத் துரத்தியது சரிதான் என்கிறார்கள். வயதான மனிதர் நடக்கிற வழியில் அட்டைப்பெட்டியை வைத்தவளுக்கு என்ன பரிதாபம் வேண்டியிருக்கிறது என்று கேட்கிறார்கள். நியாயமான கோபம்தான். ஆனாலும் கொஞ்சம் பொறுங்கள். இந்த வீட்டைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒன்றை நான் இன்னும் உங்களுக்குச் சொல்லவில்லை.

நடுவில் வந்து உட்கார்ந்தவர்களுக்காக ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். மொத்தமே நாலு பேர். அப்பா, லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபத்தொரு வயது, இரண்டு முழங்காலும் தேய்ந்துபோனவர். அண்ணன், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். பகல் முழுக்க உயரத்தில் தனியாக உட்கார்ந்திருப்பதாலோ என்னவோ, தரைக்கு வந்தால் கத்தித்தான் பேசுவான். அவன் மனைவி ஒரு செருப்புத் தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். அவளை அண்ணி என்று சொல்லியே நமக்குப் பழகிவிட்டது. கடைசியாகத் தங்கை, பல் மருத்துவர் ஒருவரிடம் வரவேற்பு மேஜையில் உட்காருகிறவள். பார்சல் என்பது அண்ணன் அவளுக்கு வைத்த பெயர்.

பெயர் சும்மா வரவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு நிச்சயமான கல்யாணம் நின்றுபோனது. போகப்போகிற வீட்டுக்கென்று வாங்க ஆரம்பித்தவள், அந்த வீடே இல்லை என்றான பிறகும் வாங்குவதை நிறுத்தவில்லை. உள்ளே டாக்டர் பல்லைக் குடைகிற சத்தம் கேட்டால் போதும், வெளியே இவள் கைபேசியில் எதையாவது தட்டிவிடுவாள். திரைச்சீலை, ஆறு பேருக்கான தட்டுகள், மூன்றடுக்கு ஷூ ஸ்டாண்டு, துணி காயப்போடும் கம்பி என்று பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். பாதிக்குமேல் பிரித்துப் பார்த்ததுகூட இல்லை.

பழியை அவள் ஒருத்தி தலையில் கட்டுவதும் சரியில்லை. அண்ணனுக்கு ஒரு பொருளைத் தேடி எடுக்கிற பொறுமை கிடையாது. ஸ்க்ரூ டிரைவர் கையில் கிடைக்கவில்லையென்றால் புதிதாக ஒன்று வாங்கி வந்துவிடுவான். போன வருஷம் அண்ணி லீவு போட்டு வீட்டை ஒழித்தபோது ஏழு கத்தரிக்கோல், நாலு டார்ச், ஒரே ஊர்ப் படம் போட்ட ஒரே மாதிரி மூன்று சுவர்க் கடிகாரம் கிடைத்தன. சாப்பாட்டு மேஜை என்று ஒன்று இருந்ததே ஆறு வருஷம் கழித்து அன்றைக்குத்தான் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது.

அன்றைக்கு அண்ணி ஒரு சட்டம் போட்டாள். தொழிற்சாலை ஸ்டோரில் அவள் கண்கூடாகப் பார்த்த விஷயம் அது. ஆட்கள் வேண்டும் வேண்டும் என்று கேட்கிற சாமானில் முக்கால்வாசியை ஒரு மாதம் தள்ளிப்போட்டால் கேட்டவர்களே மறந்துவிடுவார்கள். அதனால் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு காகிதம் ஒட்டினாள். தேதி, பொருள், யாருக்கு, எங்கே வைப்பது. நாலு கட்டம். எழுதி முப்பது நாள் கழித்தும் வேண்டும் என்று தோன்றினால் வாங்கலாம். அதற்கு முன்னால் ஒரு குண்டூசிகூட வாசல்படி தாண்டக் கூடாது.

முதல் மாதம் ஐந்தாவதாக அவசரம் என்று ஒரு கட்டமும் இருந்தது. அண்ணன் ஜூஸ் பிழியும் மிஷினுக்கு அவசரம் என்று எழுதினான். பார்சல் போர்வைக்கு அவசரம் என்று எழுதினாள். அண்ணி ஒரே கோடாக அந்தக் கட்டத்தை அடித்துவிட்டாள். அதற்குப் பிறகு சட்டம் நன்றாகவே வேலை செய்தது. எழுதினது நாற்பத்தொன்று, கடைசியில் வாங்கினது ஒன்பது. இரண்டு பேர் தோள் இடிக்காமல் நடக்கிற அளவுக்கு வழி பிறந்தது. அண்ணிக்கு உள்ளூரப் பெருமை. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை.

இந்தத் திங்கட்கிழமை காலையில் அப்பா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். சத்தம் கேட்டு ஓடிவந்த அண்ணன், கதவுக்கு வெளியே இருந்த பார்சலின் அட்டைப்பெட்டியைப் பார்த்துக்கொண்டேதான் உள்ளே போனான். சட்டத்தை மீறி வந்த பெட்டி அது. அப்பா அதில் தடுக்கித்தான் விழுந்தார் என்று அவனே முடிவு செய்தான். பெட்டியைத் தூக்கிப் பின்பக்க பால்கனியில் வீசினான். மறுநாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கையிடம் சொன்னான், வெள்ளிக்கிழமைக்குள் உன் பெட்டிகளோடு நீயும் கிளம்பிவிடு என்று. அவள் சரி என்றாள்.

இன்று வெள்ளிக்கிழமை.

அப்பா ரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர். அதை நிறுத்தி நாலு நாள் காத்திருந்துதான் ஆபரேஷன் செய்ய முடியும் என்று சொல்லியிருந்தார்கள். இன்றைக்குப் பத்து மணிக்கு. அண்ணன் விடிந்ததும் கிளம்பிப் போய்விட்டான். அண்ணி சூப் வைத்து பிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டு பகலில் வர வேண்டும் என்று ஏற்பாடு. பார்சலை ஏற்றிக்கொண்டு போக மூன்று மணிக்கு வேன் வருகிறது. அவளுக்குப் பெண்கள் விடுதி ஒன்றில் இடம் கிடைத்திருந்தது. ஒரு கட்டில், ஒரு அலமாரி, அவ்வளவுதான் அறை.

அண்ணி அடுப்படியில் கேரட்டை நறுக்கிக்கொண்டிருந்தாள். உள்ளே பசை நாடா கிழிபடுகிற சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. ஒவ்வொரு தடவையும் கத்தி அவள் கையில் நின்றது.

உங்களுக்குச் சொல்லாமல் வைத்திருந்தது இதுதான். அப்பா பெட்டியில் தடுக்கி விழவில்லை. அது அண்ணிக்குத் தெரியும். திங்கட்கிழமை முதலில் ஓடிப்போனவள் அவள்தான். முழங்கால் மடங்காததால், ஏதாவது ஆனால் ஆள் வரட்டும் என்று அப்பா கதவைத் தாழ் போடுவதில்லை. அவர் உள்ளே, குழாய்க்கு அடியில், ஈரத் தரையில் கிடந்தார். ஒரு கை வெறும் சுவரை அளைந்துகொண்டிருந்தது. வெளியே பெட்டி வைத்தது வைத்தபடி சுவரோரமாக இருந்தது. அதன்மேல் அப்பாவின் துண்டு நாலாக மடித்து வைத்திருந்தது. தடுக்கி விழுகிறவர் துண்டை மடித்து வைத்துவிட்டா விழுவார்? அந்தத் துண்டை எடுத்துத்தான் அண்ணி அவரைப் போர்த்தினாள். அதனால் அதை வேறு யாரும் பார்க்கவில்லை.

அவர் ஏன் விழுந்தார் என்பதும் அவளுக்குத் தெரியும். ஃபிரிட்ஜில் ஒட்டிய காகிதத்தில் அப்பா அதுவரை எதையுமே எழுதினதில்லை. எனக்கென்னம்மா வேணும் என்று சிரித்துவிட்டுப் போகிறவர். முதல்முறையாக அவர் எழுதியது குளியலறைச் சுவருக்கு ஒரு பிடி. எழுந்திருக்கும்போது பிடித்துக்கொள்ள. ஒரு நல்ல தச்சன் வந்தால் அரைமணி நேர வேலை. அண்ணி அதைப் படித்தாள், தலையாட்டினாள், மற்ற எல்லாவற்றையும் போல அதையும் முப்பது நாள் வரிசையில் விட்டுவிட்டாள்.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் அந்தக் காகிதத்தைக் கிழித்துக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டாள். அண்ணன் பெட்டியைத் தூக்கி வீசினபோது, இல்லைங்க, அது காரணம் இல்லை என்று சொல்ல அவளுக்கு ஒரு நிமிஷம் இருந்தது. சொல்லவில்லை. அந்த நிமிஷம் போனது, பிறகு அன்றைய பகல் போனது, பிறகு செவ்வாய் வந்தது. ஒரு நாள் வாயை மூடியிருந்தவளுக்கு மறுநாள் வாயைத் திறப்பது இன்னும் கஷ்டமாக இருந்தது. இன்றைக்கு மூன்று மணிக்குள் சொல்லாவிட்டால் ஒன்றும் தெரியாத பெண் ஒருத்தி தன் அப்பாவை முடமாக்கிவிட்டோம் என்று நம்பிக்கொண்டே வீட்டை விட்டுப் போவாள்.

பதினோரு மணிக்குப் பழைய சாமான் எடுக்கிறவர் வந்தார். பார்சல்தான் வரச் சொல்லியிருந்தாள். விடுதி அறையில் எதையும் வைக்க முடியாது, எல்லாவற்றையும் எடுத்துப் போய்விடுங்கள் என்று கூடத்தில் இருந்த பெட்டிகளைக் காட்டினாள். அவர் ஒன்றைத் திறந்து பார்த்தார். இன்னொன்றைத் திறந்து பார்த்தார். எல்லாம் புத்தம்புதுசாக இருக்கிறதே, கடை ஏதாவது மூடுகிறீர்களா அம்மா என்று விசாரித்தார். பார்சலுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆமாம் என்றாள்.

தட்டுகள் போயின. திரைச்சீலைகள் போயின. அத்தோடு அவள் நிறுத்தவில்லை. தினமும் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிற நல்ல செருப்பு, குளிருக்குப் போடுகிற ஒரே கோட்டு, தலை வாரும் சீப்பு வரைக்கும் எடுத்துக் கொண்டுவந்து போட்டாள். அண்ணி இரண்டு தடவை கோட்டை எடுத்து நாற்காலியில் வைத்தாள். இரண்டு தடவையும் அவள் அதைத் திரும்ப எடுத்துக் குவியலில் போட்டாள். வீட்டை ஒழிப்பது எப்படி இருக்கும் என்று அண்ணிக்குத் தெரியும். இது அது இல்லை. இந்தப் பெண் தன்னையே வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

பழைய சாமான்காரர் பின்பக்கம் போய் பால்கனியில் கிடந்த பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்தார். ஒரு மூலை நசுங்கியிருந்தது. கனமா இருக்கே, இதுவுமா என்று கேட்டார். பார்சல் அதைப் பார்க்காமலே எடுத்துப் போங்கள் என்றாள்.

அண்ணிக்கு ஒரு பழக்கம். பதினாலு வருஷமாக ஸ்டோரில் வேலை பார்த்து ஊறிப்போன பழக்கம். ஒட்டிய பெட்டியை உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் வெளியே விட அவளுக்குக் கை வராது. இருங்க என்று சொல்லிவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தாள்.

"அதைத் திறக்காதீங்க அண்ணி," என்றாள் பார்சல்.

நாலு நாளில் அவள் குரல் உயர்ந்து கேட்டது அப்போதுதான். ஆனால் அதற்குள் நாடா வெட்டுப்பட்டுவிட்டது.

உள்ளே பஞ்சுத் தாளில் சுற்றிய இரண்டு ஸ்டீல் கம்பிகள் இருந்தன. இரண்டு பக்கமும் வட்டத் தகடு, ஒரு பொட்டலம் ஸ்க்ரூ, ஈரம் புகாமல் இருக்க ரப்பர் வளையங்கள். ஈரச் சுவரில் எப்படிப் பொருத்துவது என்று படம் போட்ட தாள். அண்ணி படத்தைப் பார்த்தாள். ஒரு மனிதன் குளியலறையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிற படம்.

பழைய சாமான்காரர் நல்ல மனுஷர். அண்ணி முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு மற்ற பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

"யார் கேட்டது?" என்றாள் அண்ணி.

"அப்பா."

பார்சல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். போன வாரம் அப்பா க்ளினிக்குக்கு வந்ததை மெதுவாகச் சொன்னாள். பல் வலி என்று சொல்லிக்கொண்டு வந்தாராம். ஆடுகிற பல்லே இல்லை அவருக்கு. கூட்டம் குறைந்ததும் மேஜைக்குப் பக்கத்தில் வந்து, ரெண்டு தடவை வழுக்கிடுச்சும்மா, முப்பது நாள் முடியுறவரைக்கும் தாங்குவேனான்னு தெரியலை, நீ வாங்கிடு என்றாராம். மாட்டினதுக்கப்புறம் அண்ணிக்குத் தானே சொல்லிக்கொள்வதாகச் சொன்னாராம். திங்கட்கிழமை காலையில் பெட்டி வந்தது. சாயந்திரம் மாட்ட ஆள் வருவதாக இருந்தது. குளியலறை வாசலிலேயே இருக்கட்டும் என்று வைத்துவிட்டு அவள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

வீட்டில் முதன்முதலாக ஒரு பொருள் தேவை என்று அவள் வாங்கினது அதுதான். அதுவும் போய் அப்பாவையே தடுக்கிவிட்டது என்று இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

"ஏன் இதை அண்ணன்கிட்ட சொல்லலை?"

"சொன்னா அப்பா எழுதினதும் தெரிஞ்சிடும். உங்களைக் கேப்பான். உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னு அப்பா சொன்னார். நீங்க வருத்தப்படுவீங்களாம்." காலடியில் கிடந்த நாடாவைச் சுருட்டினாள். "நீங்க காகிதத்தைக் கிழிச்சு எடுத்ததைப் பார்த்தேன் அண்ணி. பயந்துட்டீங்கன்னு நினைச்சேன். பரவாயில்லை. எப்படியும் பெட்டி என்னோடதுதானே."

இத்தனை நாளாக இந்தப் பெண் தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள் என்பது அப்போதுதான் அண்ணிக்கு உறைத்தது. வெட்கத்தால் முகம் எரிந்தது. இதற்குமேல் மூடி வைக்க அவளிடம் தெம்பு இல்லை.

"பெட்டி தடுக்கலை," என்றாள்.

பார்சல் நிமிர்ந்து பார்த்தாள்.

அண்ணி எல்லாவற்றையும் சொன்னாள். கதவு திறந்திருந்தது, அவர் கிடந்த இடம், சுவரில் அளைந்த கை, சுவரோரம் நேராக இருந்த பெட்டி. அழவில்லை. அழுதால் இவள் வந்து தேற்றுவாள், அதற்குத் தனக்கு யோக்கியதை கிடையாது என்று பட்டது.

"துண்டு மடிச்சா இருந்தது?" என்று கேட்டாள் பார்சல்.

"நாலா மடிச்சு இருந்தது."

"திங்கக்கிழமையே உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

பார்சல் ஒவ்வொரு சொல்லாகப் பேசினாள். "ராத்திரி எல்லாம் அந்தப் பெட்டியைத்தான் நகர்த்திட்டிருந்தேன் அண்ணி. கண்ணை மூடினா வாசல்ல இருக்கும். எடுத்து உள்ளே வைப்பேன். மறுபடி வாசல்ல இருக்கும். நாலு நாள்."

அண்ணி மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். பார்சல் வேண்டாம் என்று கையைக் காட்டினாள். கோபம்கூட இல்லை, களைப்புதான். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். குவியலில் இருந்து கோட்டையும் செருப்பையும் எடுத்தாள்.

"அண்ணன்கிட்ட நான் சொல்ல மாட்டேன்," என்றாள். "நீங்கதான் சொல்லணும்."

அந்த நேரத்தில்தான் அண்ணனின் போன் வந்தது. ஆபரேஷன் முடிந்துவிட்டது. எலும்பைச் சேர்த்துவிட்டார்கள். ஆனால் பாதியில் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கிவிட்டதாம், இதயம் திணறுகிறதாம், தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள். இரண்டு பேரும் உடனே வாருங்கள் என்றான். இரண்டு பேரும் என்று அவன் சொன்னதிலேயே நிலைமை எப்படி என்று அண்ணிக்குத் தெரிந்துவிட்டது.

பார்சல் வேன்காரருக்குப் போன் செய்தாள். வர வேண்டாம் என்று சொல்லவில்லை. மூன்று மணிக்குப் பதிலாக ஆறு மணிக்கு வரச் சொன்னாள். அண்ணி பிளாஸ்க்கை எடுக்க மறந்து கதவைப் பூட்டினாள்.

பஸ்ஸில் இருவரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்தார்கள். அண்ணி மடியில் கைப்பை. அதற்குள் அந்தக் காகிதம். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு வாக்கியம் தயார் செய்தாள். அடுத்த நிறுத்தம் வருவதற்குள் அது உதவாது என்று தோன்றியது.

மூன்றாவது மாடி வராந்தாவில் அண்ணன் பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருந்தான். அவ்வளவு பெரிய உடம்பு அந்தச் சின்னப் பெஞ்சில் இடம் போதாமல் இருந்தது. தங்கையைப் பார்த்தான், பார்வையைத் திருப்பிக்கொண்டான். டாக்டர் சொன்னதைச் சொன்னான். முதுகில் ஊசி போட்டுத்தான் ஆபரேஷன் செய்தார்கள், அதனால் நினைவு இருக்கிறது, ஆனால் இதயம் ரொம்ப பலவீனமாக இருக்கிறது, நாளைக் காலை வரைக்கும் எதுவும் சொல்ல முடியாது. சொல்லி முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு தங்கை பக்கம் திரும்பினான். அவன் வாய் திறப்பதற்குள் அண்ணி முந்திக்கொண்டாள்.

"அவளை ஒண்ணும் சொல்லாதீங்க. அவ பெட்டியால மாமா விழலை."

தயார் செய்து வைத்திருந்த வாக்கியம் எதுவும் உதவவில்லை. நடந்ததை நடந்த வரிசையில் சொன்னாள். துண்டைச் சொன்னாள். பெட்டிக்குள் என்ன இருந்தது என்று சொன்னாள். காகிதத்தைக் கிழித்ததையும் சொன்னாள். அவன் குறுக்கே பேசவில்லை. கத்துவான் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

அவன் கையை நீட்டினான். அண்ணி காகிதத்தை எடுத்துக் கொடுத்தாள். அவன் அதைத் தொடைமேல் வைத்து நீவிவிட்டான். ஜூஸ் மிஷின் அடித்திருந்தது. போர்வை அடித்திருந்தது. கடைசி வரியில் அப்பாவின் கையெழுத்து, லிஃப்ட் ரிப்பேர் புத்தகத்தில் எழுதுகிற அதே கட்டை எழுத்து. பொருள்: குளியலறைச் சுவருக்குப் பிடி, ஒன்று, இரண்டு இருந்தால் நல்லது. யாருக்கு: எனக்கு. எங்கே வைப்பது: குழாய்க்கு மேலே, இடம் அடைக்காது.

அவன் அதைத் திரும்பத் திரும்பப் படித்தான். பார்சல் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். அவன் எழுந்து அவளிடம் போனான். அவள் தலையில் கையை வைத்தான். அவள் அந்தக் கையைத் தட்டிவிடவில்லை. ஆறு மணிக்கு வேன் வருது அண்ணா என்று மட்டும் சொன்னாள். அவன் திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். முன்பு உட்கார்ந்த இடத்தில் இல்லை. அண்ணிக்கும் அவனுக்கும் நடுவே ஒரு ஆள் உட்காருகிற இடம் இருந்தது.

காகிதத்தில் இருந்த தேதியில் விரலை வைத்து எண்ண ஆரம்பித்தான். பாதியில் நிறுத்திவிட்டான்.

"விழுந்த அன்னிக்கு எத்தனை நாள் பாக்கி?" என்று கேட்டான்.

"பதினொண்ணு."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். தினமும் காலையில டீ குடிச்சிட்டு ஃபிரிட்ஜ்கிட்ட போய் நின்னு பார்ப்பார். ஸ்டோர் மேடம், இன்னும் பதினாலு நாள். ஸ்டோர் மேடம், இன்னும் பதிமூணு நாள். எண்ணிச் சொல்லுவார்."

"நீ என்ன சொல்லுவே?"

பொய் சொல்ல நினைத்தால் சொல்லியிருக்கலாம். யாரும் அதை நினைவில் வைத்திருக்க மாட்டார்கள்.

"சிரிப்பேன்," என்றாள் அண்ணி. "விளையாட்டுக்குச் சொல்றார்னு நினைச்சேன். அவரும் சிரிச்சிட்டுத்தான் சொல்லுவார்."

அண்ணன் காகிதத்தை மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். முழங்கைகளைத் தொடையில் ஊன்றி முகத்தை மூடிக்கொண்டான். அந்த வீட்டில் அப்பா எண்ணினது அவன் காதிலும் விழுந்திருக்கும். காலையில் ஷூ மாட்டிக்கொண்டே அவனும் கேட்டிருப்பான், அவனும் சிரித்திருப்பான். அது அவனுக்கு இப்போது ஞாபகம் வந்ததா என்று அண்ணிக்குத் தெரியவில்லை. கேட்கவும் முடியவில்லை.

தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவு திறந்தது. நர்ஸ் பாதி உடம்பை வெளியே நீட்டிக் கையிலிருந்த அட்டையைப் பார்த்தாள்.

"இடுப்பு ஆபரேஷன், பெரியவர். மருமகள் யாரு?"

மூவரும் அவளைப் பார்த்தார்கள்.

"உங்களைத்தான் கேக்கறார். மகனா மகளான்னு கேட்டேன், வேண்டாம்னுட்டார். ஏதோ சொல்லணுமாம். ஒருத்தர் மட்டும்தான் வரலாம், அதிகம் பேச விடாதீங்க."

அண்ணியால் எழுந்திருக்க முடியவில்லை. உள்ளே போய் அந்த முகத்தைப் எப்படிப் பார்ப்பது என்று தெரியவில்லை. நீங்க போங்க, நான் அப்புறம் போறேன் என்று கணவனிடம் சொல்லிவிடலாமா என்று பார்த்தாள். அவன் முகத்தை மூடின கைகளை எடுத்தான். அவன் கண்கள் சிவந்திருந்தன. கோபம் எவ்வளவு, அழுகை எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

"போ," என்றான். "இந்தத் தடவையாவது உடனே போ."

அண்ணி எழுந்தாள்.